'வேர் என்ன ரகம்?' - அக்காவின் ஆப்பிள் மரமும் ஒரு நர்சரிக்காரம்மாவின் கேள்வியும்

கனடாவின் தலைநகர் ஒட்டாவாவில் இருக்கும் என் அக்கா வீட்டில், குழந்தை பிறந்த வருஷம் ஓர் ஆப்பிள் கன்று நட்டார்கள். எங்கள் சேலம் வீட்டில் அக்கா பிறந்தபோது அப்பா ஒரு மாங்கன்று வைத்தார். நான் பிறந்தபோது சப்போட்டா. அந்தப் பழக்கம்தான் விமானம் ஏறி அங்கேயும் போனது.

இரண்டாவது குளிர்காலம் முடிந்து, மே மாதத்தில் கன்று நன்றாகத் துளிர்த்தது. அக்கா போட்டோ அனுப்ப, ஃபேமிலி குரூப்பில் எல்லோரும் ஹார்ட் விட்டோம். ஜூன் மூன்றாவது வாரத்தில் இலைகள் சுருண்டு, காய்ந்து, மரம் அப்படியே நின்றபடி செத்துப்போனது.

செடி சாவது உலகத்தில் இல்லாத விஷயம் இல்லை. ஆனால், இது குழந்தை பேரில் வைத்த செடி. 'துளிர்விட்ட மரம் பட்டுப்போறது நல்லதுக்கில்ல, குலதெய்வத்துக்கு ஒரு ரூபா முடிஞ்சு வை' என்று பெரியம்மா குரூப்பில் போட்டார். இன்னொருவர் ஜாதகம் பார்க்கச் சொன்னார். அக்கா எதற்கும் பதில் போடவில்லை. அன்று ராத்திரி எனக்கு மட்டும் தனியாக ஒரு மெசேஜ் வந்தது. "நான் சரியாத்தானேடி தண்ணி ஊத்துனேன்?"

எனக்கு டிஜிட்டல் டெஸ்க்கில் நைட் ஷிப்ட். சென்னையில் இரவு 11 மணி என்றால், அந்த மாதங்களில் ஒட்டாவாவில் மதியம் ஒன்றரை. குழந்தை தூங்கும் நேரம் அது. நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது பெரும்பாலும் அப்போதுதான். 'தண்ணி ஊத்துனேன்தானே' என்று கேட்கிற ஒருத்திக்கு ஆறுதல் சொல்வதைவிட, மரம் ஏன் செத்தது என்று கண்டுபிடித்துச் சொல்வது மேல் என்று எனக்குத் தோன்றியது. கேள்வி கேட்பதுதானே என் சம்பளம்?

முதல் கேள்வி

அக்கா வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத் தொலைவில், பழமரங்கள் மட்டுமே வளர்த்து விற்கிற ஒரு சின்ன நர்சரி இருந்தது. கணவன், மனைவி இரண்டு பேர் நடத்துவது. அக்கா போன் செய்து, என்னையும் கான்ஃபரன்ஸில் சேர்த்துக்கொண்டாள். எடுத்தது அந்த அம்மா. செத்த மரத்தைப் பற்றி அக்கா சொல்லி முடித்ததும், என்ன உரம் போட்டீர்கள், எவ்வளவு தண்ணீர் விட்டீர்கள் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"வேர் என்ன ரகம்?" என்று கேட்டார்.

அக்கா மரத்தில் தொங்கிய அட்டையை எடுத்துவந்து படித்தாள். வாங்கியது ஒரு பெரிய ஹார்டுவேர் கடையின் தோட்டப் பிரிவில். அட்டையில் சிவப்பு ஆப்பிள் படம், 'மெக்கின்டாஷ்' என்று ரகத்தின் பெயர், 'நடுத்தர உயரம்', 'குளிர் மண்டலம் 4 வரை தாங்கும்' என்ற மூன்று விஷயங்கள் இருந்தன. வேரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"அந்த மண்டல எண் மேலே இருக்கிற மரத்துக்கு. கீழே இருக்கிற மரத்துக்கு யார் சொல்வது?" என்றார் அந்த அம்மா.

இது நம் ஊர்க்காரர்களுக்குச் சட்டென்று புரிய வேண்டிய விஷயம். ஒட்டு மாங்கன்று வாங்கியிருப்போமே! கொட்டை போட்டு முளைத்த ஒரு செடியின் மேல், நமக்கு வேண்டிய ரகத்தின் குச்சியை வைத்துக் கட்டுவதுதான் ஒட்டு. கீழே இருப்பது வேர்ச்செடி, மேலே இருப்பது பழம் தரும் ரகம். இப்போது சுண்டைக்காய்ச் செடியின் மேல் கத்திரியை ஒட்டுக்கட்டி வளர்க்கிறார்கள். மேலே காய்ப்பது கத்திரிக்காய். மண்ணில் வரும் நோயைத் தாங்கி நிற்பது சுண்டைக்காயின் வேர். இரண்டு செடிகள் சேர்ந்து ஒரு செடியாக வாழ்வது.

ஆப்பிளில் இந்த ஒட்டு இல்லாமல் முடியவே முடியாது. ஓர் ஆப்பிளின் விதையை நட்டால், அதே ஆப்பிள் வராது. அதன் குணம் கலைந்து வேறு ஏதோ ஒன்று வரும். அக்கா வாங்கிய மெக்கின்டாஷ் ரகத்தின் கதையே அதற்குச் சாட்சி. ஒட்டாவாவுக்குத் தெற்கே டண்டெலா என்ற கிராமத்தில், 1811-ம் ஆண்டு நிலத்தைச் சீர்திருத்திக்கொண்டிருந்த ஜான் மெக்கின்டாஷ் என்ற விவசாயி, தானாக முளைத்திருந்த சில ஆப்பிள் கன்றுகளைக் கண்டெடுத்தார். அவற்றில் ஒன்று பிழைத்து நல்ல பழம் கொடுத்தது. பிறகு அவர் மகன் ஆலன் அதிலிருந்து குச்சி வெட்டி ஒட்டுக்கட்டிப் பரப்பினார். இன்று உலகத்தில் இருக்கிற எல்லா மெக்கின்டாஷ் மரங்களும் அந்த ஒரே மரத்தின் குச்சிகள்தான். ஆப்பிள் நிறுவனத்தின் மெக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்குப் பெயர் கொடுத்ததும் இந்தப் பழமே.

ஆக, மேலே இருக்கிற ரகத்துக்கு 200 வருஷ வரலாறு இருக்கிறது. கீழே இருந்த வேருக்குப் பெயர்கூட இல்லை.

தோண்டிப் பார்த்தோம்

நர்சரிக்காரம்மா சொன்னபடி, மாமா அந்த மரத்தைத் தோண்டி எடுத்தார். வேரைக் குறுக்கே வெட்டிப் பார்க்கச் சொல்லியிருந்தார். உயிருள்ள வேரின் உள்பக்கம் வெள்ளையாக இருக்கும். இது பழுப்பு நிறத்தில் இருந்தது.

நடந்தது இதுதான் என்று அவர் விளக்கினார். குளிர் ஊர் மரங்கள் இலை உதிர்த்துவிட்டு, குளிருக்குத் தங்களைத் தயார்செய்துகொள்ளும். தண்டு தாங்குகிற அளவு குளிரை வேர் தாங்காது. தாங்கத் தேவையும் இல்லை. ஏனென்றால், மண்ணும் அதன் மேல் விழும் பனியும் வேருக்குக் கம்பளி மாதிரி. வெளியே மைனஸ் 25 டிகிரி என்றாலும், ஓர் அடி பனிக்குக் கீழே மண் அந்த அளவுக்குக் குளிர்வதில்லை.

அக்கா கன்று வைத்த இடம் வீட்டின் மூலை. காற்று அடித்து அங்கே பனி நிற்பதே இல்லை. கம்பளி இல்லாமல் வேர் முழுக் குளிரையும் வாங்கிக்கொண்டது. தண்டு பிழைத்துக்கொண்டது, வேர் செத்துவிட்டது. மே மாதம் வந்த துளிர், தண்டில் ஏற்கெனவே சேர்த்துவைத்திருந்த சத்தில் வந்தது. அது தீர்ந்ததும், தண்ணீர் உறிஞ்சிக் கொடுக்க கீழே யாரும் இல்லை. ஜூனில் காய்ந்தது.

"அப்படீன்னா, மரம் துளிர் விடறதுக்கு முன்னாடியே செத்துப்போச்சா?" என்று கேட்டாள் அக்கா.

"ஜனவரியிலேயே" என்றார் அவர்.

அந்தப் பக்கம் ஒரு நீளமான மூச்சு கேட்டது. அன்றே அக்கா குரூப்பில் வேரின் போட்டோவைப் போட்டு, 'குளிர்ல வேர் செத்திருக்கு. யாரும் எதையும் முடிஞ்சு வைக்க வேண்டாம்' என்று எழுதினாள். பெரியம்மா ஒரு கைகூப்பும் எமோஜி போட்டார்.

எத்தனை வருஷம் இருப்பீர்கள்?

அடுத்த மரத்துக்கு என்ன வேர் வாங்குவது? அந்த வாரம் முழுக்க நானும் அக்காவும் இதையேதான் பேசினோம். நீங்களோ உங்கள் பிள்ளைகளோ குளிர் நாட்டில் தோட்டம் போடும் யோசனையில் இருந்தால், நாங்கள் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன்.

ஆப்பிள் மரம் எவ்வளவு உயரம் போகும், எப்போது காய்க்கும் என்பதையெல்லாம் பெரும்பாலும் வேர்தான் முடிவு செய்கிறது. ஒரே மெக்கின்டாஷ் குச்சியை ஒரு வேரில் கட்டினால் எட்டு, பத்து அடியில் நிற்கும். இன்னொன்றில் கட்டினால் இருபது அடியைத் தாண்டும்.

குட்டை மரத்துக்கு உலகம் முழுக்கப் பிரபலமான வேர் எம் 9. இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் உள்ள ஈஸ்ட் மாலிங் ஆராய்ச்சி நிலையம் தரம்பிரித்துக் கொடுத்தது. நட்ட இரண்டு, மூன்று வருஷத்திலேயே காய்க்கும். ஆனால், வேர்ப்பிடிப்பு குறைவு. ஆயுள் முழுக்க ஒரு முட்டுக்கம்பு வேண்டும். கடுங்குளிரில் அதன் வேருக்கு ஆபத்து உண்டு.

அதே குட்டை உயரத்தில் குளிரை நன்றாகத் தாங்குவது புடகோவ்ஸ்கி 9. நர்சரிகளில் சுருக்கமாக 'பட் 9' என்பார்கள். சோவியத் காலத்தில், ரஷ்யாவின் மிச்சுரின்ஸ்க் நகரத்தில் உருவாக்கியது. இதன் இலை சிவப்புச் சாயலில் இருக்கும். மரத்தின் அடியில் சிவப்பு இலையோடு துளிர் கிளம்பினால், அது வேர்ச்செடியின் துளிர் என்று கண்டுபிடித்து வெட்டிவிடலாம்.

அக்கா ஊரின் பெயரிலேயே ஒரு வேர் இருக்கிறது: ஒட்டாவா 3. நகரத்துக்குள்ளேயே இருக்கும் மத்திய சோதனைப் பண்ணையில் உருவானது. எம் 9-ஐயும் குளிர் தாங்கும் ஒரு காட்டு ஆப்பிள் வகையையும் கலந்து செய்தார்கள். 1886-ல் தொடங்கிய பண்ணை அது. அதன் முதல் இயக்குநர் வில்லியம் சாண்டர்ஸ், ரஷ்யாவிலிருந்து சைபீரியக் காட்டு ஆப்பிள் விதைகளை வரவழைத்து, கனடாவின் கடுங்குளிர்ச் சமவெளிகளில் பிழைக்கும் ஆப்பிளுக்காக அங்கே கலப்பு செய்தார். அக்கா குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து வாக்கிங் போகிற இடமும் அந்தப் பண்ணையின் மரத்தோட்டம்தான். ஆனால், ஒட்டாவா 3 வேரைப் பெருக்குவது கஷ்டம் என்பதால், எல்லா நர்சரியிலும் கிடைப்பதில்லை.

நடுத்தர உயரத்துக்கு எம்எம் 106 என்ற வேரை நிறைய பேர் விற்கிறார்கள். அது இலையுதிர் காலத்தில் தாமதமாகத்தான் வளர்ச்சியை நிறுத்தும். குளிர் சீக்கிரம் வந்துவிட்டால் அடிபடும். அதற்குப் பதில் புடகோவ்ஸ்கி 118 வாங்கலாம். மரம் கொஞ்சம் பெரிதாகும், குளிருக்கு அசராது.

கடைசியாக, அன்டோனோவ்கா. இது ரஷ்யாவின் பழைய ஆப்பிள் ரகம். அதன் விதையிலிருந்து முளைக்கவைத்த கன்றையே வேர்ச்செடியாக வைத்துக்கொள்கிறார்கள். ஆழமாக வேர்விடும். முட்டுக்கம்பு வேண்டாம். மைனஸ் 35, 40 டிகிரியைப் பார்க்கிற ஊர்களில்கூட நம்பி வைப்பது இதைத்தான். மரம் முழு உயரம் போகும். பல பத்தாண்டுகள் நிற்கும். ஆனால், காய்க்க ஏழெட்டு வருஷம் ஆகலாம்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு நர்சரிக்காரம்மா கேட்டார்: "அந்த வீட்டில் எத்தனை வருஷம் இருப்பீர்கள்?"

அக்கா பதில் சொல்லவில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டாள்.

அது எங்கள் வீட்டில் யாரும் நேராகக் கேட்டுக்கொள்ளாத கேள்வி. மாமா எப்போதும், "இன்னும் அஞ்சு வருஷம், லோனை முடிச்சுட்டு ஊருக்கு வந்துடலாம்" என்பார். அவர் கனடா போன முதல் வருஷமும் இதையேதான் சொன்னார். அம்மா அந்த அஞ்சு வருஷத்தை நம்பி, மாடியில் ஒரு ரூமுக்கு டைல்ஸ் போட்டு வைத்திருக்கிறார். அக்கா, வருவேன் என்றும் சொன்னதில்லை, வரமாட்டேன் என்றும் சொன்னதில்லை.

அஞ்சு வருஷம் என்றால் பட் 9. இரண்டு மூன்று அறுவடை பார்த்துவிட்டுக் கிளம்பலாம். குழந்தையும் சீக்கிரம் பறித்துத் தின்னும். கணக்குப்படி அதுதான் சரி.

நர்சரியை எப்படித் தேர்ந்தெடுப்பது?

வேர் முடிவாகும் முன்பே, எங்கே வாங்குவது என்பது முடிவாகிவிட்டது. அக்காவும் நானும் ஏழெட்டு நர்சரிகளின் பட்டியல்களை ஒப்பிட்டுப் பார்த்தோம். எங்களுக்கு உதவிய கேள்விகள் இவை.

ரகத்தின் பெயரோடு வேரின் பெயரையும் எழுதியிருக்கிறார்களா? 'குட்டை', 'நடுத்தரம்' என்பதெல்லாம் உயரம்தான், பெயர் இல்லை. கேட்டும் சொல்லத் தெரியவில்லை என்றால், அந்தக் கடை வேண்டாம்.

கன்றை எங்கே வளர்த்தார்கள்? கடையில் நிற்கிற கன்று, பல நூறு கிலோமீட்டர் தள்ளி ஒரு வெதுவெதுப்பான ஊரில் வளர்ந்து லாரியில் வந்திருக்கலாம். நம் ஊரைப் போலவோ, அதைவிடக் குளிரான ஊரிலோ இருக்கிற நர்சரி என்றால், அங்கே சில குளிர்காலங்களைத் தாண்டிய ரகங்களைத்தான் பட்டியலில் வைத்திருப்பார்கள்.

எப்போது அனுப்புவார்கள்? நல்ல நர்சரிகள் பல, தொட்டி இல்லாமல், மண் இல்லாமல், வெறும் வேரோடு தூங்குகிற நிலையில் கன்றை வசந்த காலத் தொடக்கத்தில் அனுப்புகின்றன. வேர் முழுசாகக் கண்ணுக்குத் தெரியும். தொட்டிக்குள் சுருண்டு சுற்றிக்கொண்ட வேர் என்ற பிரச்னை இல்லை. ஆனால், இதற்குக் குளிர்காலத்திலேயே ஆர்டர் கொடுத்துவிட வேண்டும். மே மாதம் போய் நின்றால், நல்ல வேர்கள் எல்லாம் தீர்ந்திருக்கும்.

பெரிய கன்றா, சின்னதா? ஒரு வயதுக் கன்று குச்சி மாதிரிதான் இருக்கும். காசு கொடுக்க மனசு வராது. ஆனால், அதுதான் புது மண்ணில் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும்.

ஆப்பிள் தவிர மற்ற பழங்களுக்கும் இதே கேள்விகள்தான். பேரிக்காய்க்கு குயின்ஸ் வேர் கடுங்குளிரில் நிற்காது. உசூரியப் பேரி வேர் நிற்கும். பிளம்ஸுக்கு அமெரிக்கக் காட்டு பிளம் வேர் நம்பிக்கையானது. கனடாவின் சஸ்காட்செவான் பல்கலைக்கழகம் உருவாக்கிய புளிப்புச் செர்ரிகளை ஒட்டே கட்டாமல், சொந்த வேரில் விற்கிறார்கள். மேலே குளிரில் கருகினாலும், அடியிலிருந்து அதே ரகம் திரும்பத் துளிர்க்கும்.

நட்ட பிறகு பார்க்க வேண்டியவை இரண்டு. ஒட்டுக்கட்டிய முடிச்சு மண்ணுக்கு மேலே மூன்று, நான்கு விரல்கடை உயரத்தில் இருக்க வேண்டும். மண்ணுக்குள் புதைந்தால், மேலே உள்ள ரகம் தானே வேர்விட்டு, நாம் காசு கொடுத்து வாங்கிய வேர் வீணாகிவிடும். இரண்டாவது, தண்டைச் சுற்றி ஒரு வலை. பனிக்குக் கீழே எலிகள் வந்து பட்டையைச் சுற்றிக் கடித்துவிடும். பனிக்கு மேலே அந்த வேலையை முயல்கள் பார்த்துக்கொள்ளும்.

அப்பாவிடம் வீடியோ காலில் இதையெல்லாம் சொன்னபோது, அவர் ஆச்சர்யப்படவே இல்லை. "மாங்கன்னுலயும் அதேதான் கண்ணு. ஒட்டு முடிச்சு மண்ணுக்குள்ள போகக் கூடாது. இதைக் கண்டுபிடிக்க கனடாவுக்கா போன் பண்ணுனீங்க?" என்றார்.

அக்கா போட்ட ஆர்டர்

ஜனவரி முதல் வாரத்தில் அக்கா ஆர்டர் போட்டாள். எனக்கு ஸ்கிரீன்ஷாட் வந்தது. ஒரே ஒரு மரம். ஆப்பிளுக்கு மகரந்தம் கொடுக்க வேறு ரகம் பக்கத்தில் வேண்டும். பக்கத்து வீட்டில் பூக்கிற காட்டு ஆப்பிள் மரம் அதைப் பார்த்துக்கொள்ளும் என்று நர்சரிக்காரம்மா சொல்லியிருந்தார். இடம் மாறியிருந்தது. மூலையில் இல்லை, பின்பக்க வேலியோரம். அங்கே பனி நன்றாகக் குவிந்து நிற்கும்.

ரகம், மெக்கின்டாஷ். வேர், அன்டோனோவ்கா.

நான் ஸ்கிரீன்ஷாட்டை இரண்டு முறை படித்தேன். "மாமாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"பில்லைப் பார்த்தார். ஒண்ணும் சொல்லலை. ராத்திரி சாப்பிட்டு முடிச்சுட்டு, குழி எவ்வளவு அகலம் வெட்டணும்னு கேட்டார்."

அம்மாவுக்கு விஷயம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனது. அம்மாவுக்கு எம் 9-ம் தெரியாது, புடகோவ்ஸ்கியும் தெரியாது. எப்போது காய்க்கும் என்று மட்டும்தான் கேட்டார். அக்கா, "ஏழெட்டு வருஷம் ஆகும்மா" என்றாள்.

ஸ்க்ரீனில் அம்மாவின் முகம் கொஞ்ச நேரம் அசையவில்லை. நெட்வொர்க் என்றுதான் நினைத்தேன். பிறகு, "அப்ப மாடி ரூமை வாடகைக்கு விட்டுறலாமா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. பால்காரரிடம் நாளைக்கு அரை லிட்டர் போதும் என்று சொல்வாரே, அந்தக் குரலில் கேட்டார். அக்கா அழுதாள். "வருஷா வருஷம் வருவேம்மா, ரூம் இருக்கட்டும்" என்றாள். அம்மா, "சரி, இருக்கட்டும்" என்றார். பெரிதாக வேறொன்றும் பேசவில்லை. குழந்தையைக் காட்டச் சொன்னார்.

கன்று ஏப்ரல் கடைசியில் வரும் என்று நர்சரியிலிருந்து மெயில் வந்திருக்கிறது. குழி வெட்ட மண் இளகக் காத்திருக்கிறார்கள். அப்பா மட்டும் ஒரு பேப்பரில் ஏதோ கூட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு இப்போது 61.

"எட்டு வருஷம்னா அறுபத்தொம்பது" என்றார். "ஆப்பிளு கடிக்கப் பல்லு இருக்கணும். நாளைக்கே பல் டாக்டர்கிட்ட ஒரு டோக்கன் போடு கண்ணு."